நதிக்கப்பலில் வந்த கடிதக் கட்டு

திருவதிகை வீரட்டானத்தின் அருகே ஓடும் கெடிலத்தைக் கண்டவர்கள், மழைக்காலத்துச் சில வாரங்களை நீக்கினால் மணலும் நாணலும் நடுவே ஒரு நீர்க்கோடுமாகக் கிடக்கும் அந்த ஆற்றில் என்றைக்கோ ஒரு புகைக்கப்பல் சங்கு ஊதிக்கொண்டு வந்திருக்கும் என்று கற்பனை செய்யவும் துணியமாட்டார்கள். தென்பெண்ணைக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கு உள்நாட்டு நீர்வழி என்று பெயர் சொல்ல இருந்தது, ஆந்திரக் கரையிலிருந்து சென்னையைத் தொட்டுக்கொண்டு மரக்காணத்தோடு நின்றுவிடும் பக்கிங்ஹாம் கால்வாய் ஒன்றுதான். அதிலும் படகுகள் பெரும்பாலும் பாயாலும் கழியாலும் கயிறு கட்டி இழுத்த மனிதர் தோளாலுமே நகர்ந்தன. சிதம்பரத்துக்கு நீர் தரும் கீழணையைக் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டுவித்த ஆர்தர் காட்டன், ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தை நதிகளிலும் கால்வாய்களிலும் செலவிட்டால் தேசத்தின் சரக்கு முழுவதும் நீர்வழியே போய்விடும் என்று ஆயுள் முழுதும் வாதாடியவர். அவர் வாதம் எடுபட்டிருந்தால் நம் ஊர்த் துறைகளின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும். எடுபடவில்லை, 1870-களில் ரயில்தான் வந்தது.

ஆகையால் நதிக்கப்பலில் பிரயாணம் செய்த பழைய தபாலைத் தேடிச் சேகரிக்கும் கலை நமக்குச் சம்பந்தமில்லாதது, அது மிஸிஸிப்பிக் கரையில் பிறந்தவர்களுடைய விநோதம் என்று யாரேனும் சொன்னால், சொல்பவர்மேல் குற்றம் காண முடியாது. அமெரிக்காவில் இந்தக் கலை வெகு காலமாக வேரூன்றியிருக்கிறது. நீராவிப் படகுகள் ஒழுங்காகச் செல்லும் நீர்வழிகளெல்லாம் தபால் சாலைகளே என்று அந்நாட்டுச் சட்டசபை 1823-இல் விதித்தது. கரையோரத் தோட்டக்காரர் கடைசி நிமிஷத்தில் கொடுத்த கடிதத்தைக் கப்பல் தலைவர் வாங்கிக்கொண்டு அடுத்த பட்டணத்துத் தபாலாபீஸில் சேர்ப்பார். அங்கே அதன்மேல் நீராவிப் படகில் வந்தது என்று ஒரு முத்திரை விழும். சில படகுகளின் குமாஸ்தாக்கள் தங்கள் படகின் பெயரையே பூவேலை செய்த அச்சில் வண்ண மையால் பதித்து அனுப்பினார்கள். அந்தப் பெயர் முத்திரைகளுக்கு இன்று நடக்கும் போட்டி, கடிதத்தை எழுதியவர் பிழைத்தெழுந்து வந்து பார்த்தால் நம்பமாட்டார்.

ஆனால் தமிழனும் ஒரு பெரிய நதியின் கப்பலில் கடிதம் போட்டிருக்கிறான், லட்சக்கணக்கில் போட்டிருக்கிறான். அந்த நதி பர்மாவின் ஐராவதி. இரண்டாம் பர்மிய யுத்தத்துக்குப் பின் அந்த நதியில் சர்க்கார் ஓட்டிவந்த நீராவிக் கலங்களை வாங்கிக்கொண்டு, 1865-இல் கிளாஸ்கோ வியாபாரிகள் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி, தபால் சுமக்கும் ஒப்பந்தத்தையும் சர்க்காரிடம் பெற்று, ரங்கூனிலிருந்து மந்தலேக்கும் அதற்கும் அப்பால் சீன எல்லையை அடுத்த பாமோவுக்கும் கப்பல் விட்டது. 1885-இல் பர்மாவின் திபா மன்னரைச் சிறைபிடிக்கச் சென்ற பிரிட்டிஷ் சேனையை ஏற்றிச் சென்றவையும் அந்தக் கம்பெனியின் கலங்களே. ஸ்காட்லாந்தில் டன்பார்ட்டன் என்னும் ஊரில் பாகம் பாகமாகச் செய்து ரங்கூனுக்கு எதிரே டல்லாவில் பூட்டப்பட்ட முந்நூறு அடிக்கு மேல் நீளமுள்ள கப்பல்களும், டெல்டாவின் குறுகிய ஓடைகளில் நுழையும் சிறிய கலங்களும், சரக்கேற்றிப் பக்கத்தில் கட்டி இழுத்துச் செல்லும் தட்டைப் படகுகளும் சேர்ந்து அறுநூறுக்கு மேற்பட்டவை அதன் உச்ச காலத்தில் ஓடின. மாலுமிகளில் பெரும்பாலோர் சிட்டகாங்கிலிருந்து வந்தவர்கள். கோடையில் நதி வற்றி மணல் திட்டுகள் இடம் மாறும்போது, முன்னணியத்தில் நின்று மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக் கூவிக்கொண்டே போவது அவர்கள் தொழில்.

அந்தக் கப்பல்களின் தபால் பைகளுக்குள் வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரான செட்டியார்களின் கடிதங்கள் இருந்தன. 1929-30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த விசாரணைக் கமிட்டி, அந்நாட்டில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றின் முதல் எழுபத்தைந்து கோடி ரூபாய் அளவில் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. ரங்கூன் மொகல் தெருவில் தலைமைக் கடைகள் கூடியிருந்தாலும், பெரும்பகுதி பாஸின், ஹென்சாடா, மாவுபின், மியாவுங்மியா, பியாப்போன் என்னும் டெல்டா ஊர்களிலே பரவியிருந்தது. அவ்வூர்களிற் பலவற்றுக்கு ரயில் இல்லை. நதிக்கப்பல் வந்தால்தான் பணம் வரும், ஆள் வருவான், ஊர்ச் சேதி வரும். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை அவருக்காக நடத்தும் மேலாள் மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மாக் கடையில் இருப்பார். இருவருக்கும் நடுவே இருந்த பாலம் கடிதம்தான். பிள்ளையார் சுழியிட்டு, சிவமயம் எழுதி, கொடுத்த தொகை, வந்த வட்டி, நெல் விலை, அடுத்தாளின் காய்ச்சல், பெட்டியடிப் பையனின் போக்கு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உறையின்மேல் கடையின் விலாச எழுத்துகளை வரிசையாகப் போட்டு, அரையணாவோ ஓரணாவோ ஒட்டித் தபாலில் சேர்த்தால், அது நதிக்கப்பலேறி ட்வாந்தே கால்வாய் வழியாக ரங்கூனை அடையும். கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் சுமக்கும் ஒப்பந்தத்தை முதலாக வைத்து 1856-இல் பிறந்து, பிற்பாடு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்று பெயர் பெற்ற கம்பெனியின் கப்பல் அதை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுவரும். சென்னையில் ரயில்.

அந்த ரயில்தான் எங்கள் ஊர்ச் சம்பந்தம். விழுப்புரத்திலிருந்து நேரே திருச்சிக்குப் போகும் நாண் பாதை 1920-களின் பிற்பகுதியில் அமையும்வரை, தெற்கே செல்லும் வண்டி பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் என்று எங்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டுதான் போயிற்று. 1914 முதல் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலோடு கைகோத்த போட் மெயிலும் அந்தத் தடத்தில் ஓடியதுதான். ஐராவதி நீரில் மிதந்த பைகள் கெடிலத்துப் பாலத்தின்மேல் நள்ளிரவில் கடந்து போயிருக்கின்றன; நாம் தூங்கிக்கொண்டிருந்தோம். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சைகோனில் உத்தியோகமும் வியாபாரமும் பார்த்ததையும், மேகாங் நதியில் பிரெஞ்சு நதிக்கப்பல்கள் நோம்பென் வரை தபால் கொண்டு சென்றதையும் சேர்த்துக்கொண்டால், இந்த விஷயம் தமிழகத்தின் கிழக்குக் கரை முழுவதற்கும் உரியது என்பது விளங்கும். நான் அறிந்ததை அதிகம் பேசும் பொருட்டு பர்மாவோடு நிற்கிறேன்.

இப்போது அந்தக் கடிதங்கள் என்ன ஆயின என்று பார்ப்போம். செட்டிநாட்டு வளவுகளில், கணக்குப் பேரேடுகளோடு சேர்த்து, நூல் கயிற்றால் கட்டிப் பரணில் போடப்பட்டவை இரண்டு தலைமுறை அங்கேயே கிடந்தன. பாகப் பிரிவினை வந்து, வீடு இடிபட்டு, நிலைக்கதவும் தேக்குத் தூணும் ஒருவர் கைக்குப் போனபோது, கடிதக் கட்டு இன்னொருவர் கைக்குப் போயிற்று. அதிர்ஷ்டமில்லாதது பழைய பேப்பர் கடையில் எடை போடப்பட்டது. அதிர்ஷ்டமுள்ளது தபால் தலை வியாபாரியிடம் வந்தது. அந்த அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் எனக்கு ஆக்ஷேபம்.

முற்காலத்துச் சேகரிப்பாளர் தபால் தலையை மாத்திரம் நீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிடுவார். பர்மா விஷயத்தில் இது எவ்வளவு பெரிய அபசாரம் என்பதற்கு ஒரு காரணம் சொன்னால் போதும்: 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரியும்வரை அங்கே வழங்கியவை இந்தியத் தபால் தலைகளே. ஊறவைத்தெடுத்த தலையில் ராஜாவின் முகம் மிஞ்சும்; அது மதராஸில் ஒட்டப்பட்டதா மாவுபினில் ஒட்டப்பட்டதா என்று சொல்லக்கூடிய முத்திரையில் பாதி உறையோடு குப்பைக்குப் போய்விடும். பிற்காலத்தார் புத்திசாலிகள், அவர்கள் உறையை முழுதாக வைத்துக்கொண்டார்கள். முன்பக்கத்தில் புறப்பட்ட ஊரின் முத்திரை, பின்பக்கத்தில் இடைவழியிலும் சேர்ந்த ஊரிலும் விழுந்த முத்திரைகள் என்று ஒரு கடிதத்தின் பிரயாணத்தையே தேதி வாரியாகப் படிக்கலாம் என்று அவர்கள் கண்டுகொண்டது பெரிய காரியம். அந்த வித்தைக்கு நான் தலை வணங்குகிறேன். தபால் துறையின் சரித்திரத்தை எழுதியவர்களில் பாதிப் பேர் சம்பளம் வாங்காத இந்தச் சேகரிப்பாளர்களே.

ஆயினும் அவர்களும் இரண்டு பிழை செய்கிறார்கள். முதலாவது, உறைக்குள்ளிருந்த கடிதத்தை அலட்சியம் செய்வது. தமிழ் படிக்கத் தெரியாத தேசத்துச் சேகரிப்பாளருக்கு அது வெறும் காகிதம், படிக்கத் தெரிந்த நம்மவருக்கோ பிறர் வீட்டுக் கடன் கணக்கு. இரண்டாவது, இதைவிடக் கொடியது: கட்டைப் பிரிப்பது. ஒரு கடைக்கு இருபது வருஷம் வந்த கடிதங்கள் முந்நூறு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி அவற்றைப் பரப்பிவைத்து, அரிய ஊர் முத்திரை உள்ளவற்றை ஒருபுறமும், யுத்தகாலத் தணிக்கை முத்திரை உள்ளவற்றை ஒருபுறமும் பொறுக்கி, தனித்தனியே விலை வைத்து, ஒன்றை லண்டனுக்கும் ஒன்றை சிங்கப்பூருக்கும் ஒன்றை கோயம்புத்தூருக்கும் அனுப்புகிறார். மீந்த சாதாரண உறைகளை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார். வாங்கியவர் ஒவ்வொருவரிடமும் அழகான ஓர் உறை இருக்கிறது. கடை இல்லை, மேலாள் இல்லை, இருபது வருஷமும் இல்லை.

எங்கள் வீரட்டானேசுவரர் கோயில் போன்ற பழைய தலங்களில், திருப்பணி செய்தவர்கள் கல்வெட்டுள்ள கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துக் கட்டிவிட்டால், சாசனம் படிப்பவர் என்ன பாடு படுவார் என்பதை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: கல் உடையவில்லை, எழுத்து அழியவில்லை, வாசகம் மாத்திரம் போய்விட்டது.

வரிசையில் இருக்கும்போது அந்தச் சாதாரண உறைகள் எவ்வளவு பேசும்! மாசி, பங்குனி மாதங்களில் புறப்பட்ட தேதிக்கும் ரங்கூன் சேர்ந்த தேதிக்கும் இடைவெளி நீளுமானால், மேல் ஐராவதியில் தண்ணீர் குறைந்து கப்பல் மணலில் தட்டியிருக்கக்கூடும் என்று ஊகிக்க இடமுண்டு. ஒரே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஊகிப்பது சோதிடம். நாற்று நடும் காலத்தில் கடன் கொடுத்ததும் அறுவடையில் வசூலித்ததும் கடிதங்களின் அடர்த்தியிலேயே தெரியும். 1930-இல் நெல் விலை சரிந்தபின் அவற்றின் தொனி மாறும். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் கைவசம் இருந்தது. 1938-இல் அது இருபத்தைந்து பங்காகிவிட்டது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் விரும்பிப் பண்ணையார் ஆகவில்லை. கடன் திரும்பாமையால் அடமான நிலம் வந்து சேர்ந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்த நியாயம் எப்படி விளங்கும்? 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் இந்தியருக்கு விரோதமாக மூண்ட கலவரங்களுக்குக் காரணங்கள் பல. நிலம் கைமாறியதால் விளைந்த கசப்பு, பின்னதற்கு முன்னே நாட்டுப்புறமெங்கும் பரவியிருந்தது. இந்தக் கடிதங்கள் நம் முன்னோர் பெருமையை மாத்திரம் பாடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அதுவே அவற்றைக் காப்பாற்றுவதற்கு எனக்குத் தோன்றும் பலமான காரணம்.

முடிவும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. 1941 டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி ரங்கூன்மேல் குண்டு விழுந்தது; அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஃப்ளோட்டில்லா கம்பெனியார் தங்கள் கப்பல்களைத் தாங்களே துளையிட்டு நதியில் அமிழ்த்தினார்கள். மந்தலே அருகே மாத்திரம் 1942 ஏப்ரலில் மூழ்கியவை ஏராளம். அதே வருஷம் மியாவுங்மியா, ஹென்சாடா முதலிய டெல்டா ஊர்களில், பிரிட்டிஷ் அரசரின் தலை பொறித்த தபால் தலைகள், மேலே மயில் உருவம் அச்சிடப்பட்டு வழங்கின. மயில் பொறித்த தலைகளுக்கு இன்று சந்தையில் மோகம் அதிகம். ஆகையால் போலிகளும் மலிந்திருக்கின்றன. மியாவுங்மியாக் கடையின் கடைசிக் கடிதம் எந்தத் தேதியோடு நின்றது என்று கேட்பவர்தாம் குறைவு.

சேகரிப்பாளர்கள் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்வார்கள்: நாங்கள் வாங்காவிட்டால் இவையெல்லாம் பொட்டலக் காகிதமாகப் போயிருக்கும் அல்லவா? உண்மை. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். நன்றி சொன்னபிறகு, காப்பாற்றியதைக் கூறு போடாதீர்கள் என்றும் சொல்லவேண்டும். வீட்டார் பக்கமும் ஒரு கூச்சம் உண்டு. தாத்தாவின் கடனும் பெரியப்பாவின் வழக்கும் அத்தையின் வியாதியும் ஊரார் கண்ணில் படலாமா என்பது நியாயமான கேள்வி. இத்தனை வருஷம் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒரு நிலையத்தில் ஒப்படைப்பது மற்ற தேசங்களில் சர்வசாதாரணம், இங்கும் செய்யலாம். தவிர, சரித்திர மதிப்புள்ள எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணங்கள் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன; அவற்றை இஷ்டப்படி அயல்தேசத்துக்கு அனுப்ப இயலாது. இதை விற்பவரும் வாங்குபவரும் சமமாக மறந்திருக்கிறார்கள்.

கட்டைப் பிரிக்காமல் காப்பது ஆகாத காரியம் அல்ல. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, புஸ்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று கண்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர். 1992-இல் அவர் காலமானபின் அந்தச் சேகரம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கக்கூடும். சிகாகோ சர்வகலாசாலை அதை முழுதாக வாங்கி, கடல் கடத்தாமல் தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி ஏற்பாடு செய்தமையால், 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்திருக்கிறது. சிதம்பரத்தில் 1929-இல் சர்வகலாசாலை நிறுவிய அண்ணாமலை செட்டியார், பர்மாவிலும் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். நெல்லும் வட்டியும் நதிக்கப்பலும் சேர்த்துத் தந்த செல்வத்தில் ஒரு பங்கு அந்தக் கட்டடங்களில் இருக்கிறது என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். அங்கேயுள்ள சரித்திரத் துறை ஓர் அறையை ஒதுக்கி, பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் கடிதக் கட்டுகளை முழுதாக ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தால், செட்டிநாட்டில் இன்னும் பரணில் கிடப்பவற்றில் ஒரு பகுதியாவது ரயிலேறி இங்கே வரும். கொடுக்க மனமில்லாதவர்களிடம் படம் எடுத்துக்கொள்ள மாத்திரம் அனுமதி கேட்கலாம். விற்றே தீரவேண்டியவர்களும், விற்பதற்கு முன் ஒவ்வோர் உறைக்கும் உள்ளிருக்கும் கடிதத்துக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதி, முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டால், பிற்பாடு சிதறினாலும் வரிசையை மீட்கலாம். கைப்பேசி இல்லாத வீடு எது?

சேகரிப்போர் சங்கங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கட்டு பிரிவதற்குப் பேராசை மாத்திரம் காரணமல்ல; கண்காட்சி விதிகளும் காரணம். உறைகளை வைத்துக் காட்டும் சட்டம் ஒன்றுக்குப் பதினாறு தாள் என்ற கணக்கில் காட்சி வைப்பவர், ஒரே மாதிரியான உறை இரண்டு வைத்தால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சி, வகைக்கு ஒன்றாகப் பொறுக்குகிறார். மற்றவை அவருக்குச் சுமையாகிவிடுகின்றன. மாநில அளவில் நடக்கும் டானாபெக்ஸ் கண்காட்சியில் இனிமேல் சில சட்டங்களை, ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு கடையின் கடிதங்களைப் பொறுக்காமல் தேதி வரிசையில் வைப்பதற்கென்றே ஒதுக்கட்டும். கடிதத்தின் வாசகத்தை எளிய அச்சில் பக்கத்தில் வைக்கட்டும். ஒரே முத்திரை நாற்பது முறை வருவதைக் கண்டு நடுவர்கள் சலித்துக்கொள்ளலாம். பதக்கம் கிடைக்காவிட்டாலும் போகட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கிழவர்களும் அந்தச் சட்டத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.